4கே மானிட்டர், 30 ஹெர்ட்ஸ் வேகம்

புது 4கே மானிட்டரை மாட்டின உடனே மவுஸ் விட்டு விட்டு நகருதா? லேப்டாப் மேல பழி போடாதீங்க. ராசிபுரத்துல வீட்டுல இருந்தே வேலை பாக்குற என் நண்பன், "மாப்ள, இஎம்ஐ-ல வேற லேப்டாப் எடுத்துடவா?"ன்னு கேக்குற அளவுக்குப் போயிட்டான்.

டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரெஃப்ரெஷ் ரேட் பாருடான்னு சொன்னேன். 30 ஹெர்ட்ஸ்! திரை நொடிக்கு 30 தடவைதான் மாறுது. நாள் முழுக்க அதுல கோடு ஸ்க்ரோல் பண்ணினா தலைவலிதான்.

கணக்கு இதுதான். 3840 x 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 தடவை. மொத்தம் ஏறக்குறைய 12 ஜிகாபிட். அவன் லேப்டாப்ல இருந்தது ஹெச்டிஎம்ஐ 1.4, 2009-ல வந்தது. படத்துக்கு அதுல கிடைக்கிறதே 8 ஜிகாபிட் சொச்சம். 2013-ல வந்த 2.0 இருந்தாத்தான் 60 வரும், அதுவும் ரெண்டு பக்கமும் இருக்கணும். விலை கூடின கேபிள் போட்டாலும் போர்ட் மாறாது.

டைப்-சி ஹப் போட்டும் அதே 30. ஏன்? டைப்-சி-யில படம் போக நாலு லேன் இருக்கு, நம்ம சேலம்–நாமக்கல் ரோடு மாதிரி. பல ஹப்புகள் அதுல ரெண்டை யுஎஸ்பி 3-க்கு ஒதுக்கிடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 லேப்டாப்ல மீதி ரெண்டு லேன் 4கே 60-க்குப் பத்தாது. ஹப்பைக் கழட்டிட்டு டைப்-சி-யில இருந்து மானிட்டரோட டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நேரா ஒரு கேபிள் போட்டான். நாலு லேனும் படத்துக்கே. 60 வந்துருச்சு, கேபிள் காசோட முடிஞ்சது.

ஆனா எல்லா டைப்-சி-யும் படம் அனுப்பாது. மேனுவல்ல 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்'னு இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. சில மானிட்டர்கள்ல ஹெச்டிஎம்ஐ 2.0-வை மெனுவுல போய் நாமதான் ஆன் பண்ணணும், அதையும் பாத்துடுங்க.

எதுவுமே இல்லாத பழைய லேப்டாப்பா? 2560 x 1440-ல வைங்க. ஹெச்டிஎம்ஐ 1.4-லயே 60 வரும். எழுத்து கொஞ்சம் மங்கும், ஆனாலும் 30-ல ஓடுற 4கே-யை விட இதுக்குத்தான் என் ஓட்டு.

கடைக்குப் போனா "டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட், 4கே 60 ஹெர்ட்ஸ்"னு முழுசா கேளுங்க. வெறும் டைப்-சி கேபிள்னு கேட்டா சார்ஜர் ஒயரைத்தான் எடுத்து நீட்டுவாங்க.