பந்தை உதைத்தவர்கள் பங்கு கேட்டபோது

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கால்பந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் பெண்கள் ஆடிய கால்பந்து. கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேசுகிற மேடையில் இது என்ன விளையாட்டுப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நான் சொல்லப் போவதும் கூலிக் கதைதான்.

1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. நாம் இங்கே கொடியேற்றி மிட்டாய் வழங்கிய அதே நாள். பூமியின் மறுபக்கத்தில், மெக்ஸிகோ நகரத்திலே, அஸ்டெக்கா என்ற பிரம்மாண்டமான மைதானத்தில் மெக்ஸிகோ நாட்டுப் பெண்கள் கோஷ்டியும் அர்ஜென்டினாப் பெண்கள் கோஷ்டியும் பந்தாட இறங்கின. வந்த ஜனக்கூட்டம் ஏறத்தாழ ஒரு லட்சம். மெக்ஸிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, டென்மார்க், பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஆறு நாடுகளின் பெண்கள் மூன்று வாரம் ஆடினார்கள். செப்டம்பர் 5-ந் தேதி இறுதி ஆட்டத்துக்கு 1,10,000 பேர் வந்ததாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அதே மைதானத்தில்தான் பெலே ஆடிய பிரேஸில் கோஷ்டி ஆண்கள் உலகக் கோப்பையை வென்றது. அன்றைய கூட்டத்துக்கு இது கொஞ்சமும் இளைத்ததல்ல.

இந்தப் போட்டியை நடத்தியது யார்? சர்வதேசக் கால்பந்து சம்மேளனமா? இல்லை. அந்தச் சம்மேளனத்துக்கு இது பிடிக்கவே இல்லை. மெக்ஸிகோக் கால்பந்து சம்மேளனமும், தன் கீழுள்ள கிளப்புகள் பெண்களுக்கு மைதானம் விட்டால் அபராதம் போடுவோம் என்று மிரட்டியது. ஆனால் மெக்ஸிகோ நகரத்து அஸ்டெக்காவும் குவாடலஹாராவின் ஹலிஸ்கோ மைதானமும் சம்மேளனத்தின் பிடியில் இல்லை. தனியார் கையில் இருந்தன. அந்த முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். டிக்கெட் விற்கும், விளம்பரம் வரும், டெலிவிஷனில் காட்டலாம் என்று கண்டார்கள். மார்ட்டினி ரோஸி என்ற இத்தாலிய மதுபானக் கம்பெனி பிரயாணச் செலவையும் உடுப்புச் செலவையும் ஏற்றுக்கொண்டது. பெண் விடுதலைக்காக அல்ல தோழர்களே, சரக்கு விற்பதற்காக. கோல் கம்பங்களுக்கு ரோஜா நிறச் சாயம் பூசினார்கள். ஆட்டக்காரிகள் முகப்பூச்சுப் பூசிக்கொண்டு பேட்டி கொடுக்க உடுப்பு மாற்றும் இடத்திலேயே அலங்கார அறை வைக்கலாம் என்று திட்டம் போட்டார்கள்.

இப்படி ஆரம்பித்த போட்டியை ஆட்டக்காரிகள் ஆட்டத்தால் மாற்றிவிட்டார்கள். அர்ஜென்டினாப் பெண்கள் வந்து இறங்கிய கோலத்தைக் கேளுங்கள். பயிற்சியாளர் இல்லை, வைத்தியர் இல்லை, அடியில் ஆணி வைத்த சரியான பூட்ஸ்கூட இல்லை. அவர்கள்தான் ஆகஸ்டு 21-ந் தேதி இங்கிலாந்தை 4-1 என்று வென்றார்கள். நான்கு கோலும் எல்பா செல்வா என்ற ஒரே பெண் போட்டது. இன்று அந்தத் தேதியை அர்ஜென்டினாவில் பெண் கால்பந்தாட்டக்காரிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

தோற்ற இங்கிலாந்துப் பெண்களைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். ஹாரி பாட் என்ற பஸ் டிரைவர் திரட்டிக்கொண்டு வந்த கோஷ்டி அது. அதில் ஒரு சிறுமிக்கு வயது 13. அர்ஜென்டினாவோடு ஆடிய மறுநாளே, காயம்பட்டவர்களோடு, மெக்ஸிகோவை எதிர்த்து அவர்களை ஆடவைத்தார்கள். 4-0 என்று தோற்றார்கள். ஊர் திரும்பியபோது மாலை மரியாதையா கிடைத்தது? அனுமதியில்லாத போட்டியில் ஆடினீர்கள் என்று சில மாதம் ஆடத் தடை போட்டார்கள். ஹாரி பாட்டுக்கு ஆயுள் தடை. அந்தப் பெண்களில் பலர் பல ஆண்டுகள் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

இங்கிலாந்திலே இந்த ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் ஐம்பது ஆண்டு பின்னால் போக வேண்டும். மில் தொழிலாளிகளாகிய நீங்கள் லங்காஷயர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; நம் ஊர்த் தறிகளை நிற்கவைத்த துணி வந்த சீமை அது. அங்கே பிரஸ்டன் என்ற ஊரில் டிக் கெர் என்று ஒரு தொழிற்சாலை. முதல் உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெண்கள் வந்து வெடிகுண்டு செய்தார்கள். வேலையின் இடைவேளையில் தொழிற்சாலை முற்றத்தில் பந்தை உதைத்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று, காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்க்க ஒரு பந்தயம் ஆடினார்கள். 10,000 பேர் வந்தார்கள். மூன்றாண்டு கழித்து, 1920 டிசம்பர் 26-ல், லிவர்பூல் நகரத்தில் அவர்கள் ஆடியபோது 53,000 பேர். உள்ளே இடமில்லாமல் வாசலில் நின்று திரும்பியவர்கள் இன்னும் பல ஆயிரம்.

அடுத்த ஆண்டு, 1921-ல், நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் அடுப்பு அணைந்தது. அந்தக் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்க்கப் பெண்கள் கோஷ்டிகள் ஊர் ஊராக ஆடி நிதி திரட்டின. அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது, எங்கள் கிளப்புகள் இனி மைதானம் விடக்கூடாது. அதே தீர்மானத்தில் வசூல் பணத்தைப் பற்றியும் ஒரு புகார் இருந்தது. செலவுக்கென்று அதிகம் போய்விடுகிறதாம், தர்மத்துக்குக் குறைவாகப் போகிறதாம். பெண்ணின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்குப் பணப்பெட்டியின் நினைவு எப்படி வந்தது? தங்கள் கைக்குள் வராத கூட்டம், தங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறாத பணம். உடம்பைவிட இதுதான் அவர்களுக்கு உறுத்தியது என்பது என் அபிப்பிராயம். அந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நீடித்தது.

மறுபடி மெக்ஸிகோவுக்கு வருவோம்.

மெக்ஸிகோப் பெண்கள் அரை இறுதியில் இத்தாலியை 2-1 என்று வென்றார்கள். நாடே கொண்டாடியது. அலிசியா வர்காஸ் என்ற ஆட்டக்காரியைப் பெலே என்றே ஜனங்கள் அழைத்தார்கள். இறுதி ஆட்டம் நெருங்கியது. அந்த நேரத்தில் கோஷ்டியின் பெண்கள் கூடிப் பேசினார்கள். மைதானம் நிரம்புகிறது. டிக்கெட் விற்பவனுக்குப் பணம், மைதானக்காரனுக்குப் பணம், டெலிவிஷன்காரனுக்குப் பணம். பந்தை உதைக்கிற நமக்கு? ஒன்றுமில்லை. இருபது லட்சம் பெஸோ கொடுங்கள், இல்லாவிட்டால் இறுதி ஆட்டத்துக்கு இறங்க மாட்டோம் என்றார்கள். அன்றைய மாற்று விலையில் அது 1,60,000 டாலர். கோஷ்டி முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டிய தொகை அது.

உடனே காற்று திரும்பியது. நேற்றுவரை நாட்டின் செல்வங்கள் என்றவர்கள் இன்று பணத்தாசை பிடித்தவர்கள் என்றார்கள். தேசத்தின் மானத்தைக் காற்றில் விடுகிறார்கள் என்றார்கள். இந்தப் பாட்டை நாம் கேட்டதில்லையா? தீபாவளி போனஸ் கேட்டால் உற்பத்தியைக் கெடுக்கிறான் என்பதும், அறுப்பு நேரத்தில் கூலி உயர்த்தக் கேட்டால் ஊர் வயிற்றில் அடிக்கிறான் என்பதும் இதே ராகம்தானே!

கோரிக்கை நியாயம்தான், ஆனால் கேட்ட நேரம் சரியில்லை, போட்டி துவங்குமுன்பே பேசி எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். முன்பே கேட்டிருந்தால் இவர்களை யார் பொருட்படுத்தியிருப்பார்கள்? ஒரு லட்சம் பேர் வந்த பிறகுதான் தங்கள் உழைப்பின் விலை அவர்களுக்கே தெரிந்தது. குறை வேறிடத்தில் இருந்தது. அவர்களுக்குச் சங்கம் இல்லை. ஆண்கள் கால்பந்து ஸ்தாபனம் விரோதி. போட்டி நடத்தியவர்கள் எதிர்க்கட்சி. வேலை இழந்தால் சோறு போட நிதி இல்லை. கடைசியில் பணம் வாங்காமலே இறங்கி ஆடினார்கள்.

3-0 என்று டென்மார்க் வென்றது. மூன்று கோலையும் போட்டவள் சுசானே அகஸ்டெசன் என்ற பதினைந்து வயதுப் பெண். அந்த வாரத்துச் சஞ்சலம் மெக்ஸிகோப் பெண்களின் காலைத் தட்டிவிட்டதா? இருக்கலாம். ஆனாலும் டென்மார்க் 1970-ல் இத்தாலியில் நடந்த இதே மாதிரிப் போட்டியையும் வென்ற நாடு. அரை இறுதியில் அர்ஜென்டினாவை 5-0 என்று அடித்துவிட்டு வந்த கோஷ்டி. அந்தச் சிறுமியின் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

பிறகு? ஒன்றுமில்லை. சர்வதேசச் சம்மேளனம் அந்தப் போட்டியை உலகக் கோப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2023-ல் ஒரு டாக்குமெண்டரிப் படம் வெளிவந்த பிறகுதான் உலகத்தில் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியும். 1986-ல் அதே மெக்ஸிகோ நகரத்தில் சம்மேளனத்தின் மாநாடு கூடியபோது நார்வேயைச் சேர்ந்த எல்லன் வில்லே என்ற பெண்மணி மேடையேறி, பெண்களுக்கும் உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்டார். 1991-ல் சீனாவில் நடத்தினார்கள். அப்போதும் உலகக் கோப்பை என்ற பெயரைக் கொடுக்கக் கை வரவில்லை. ஒரு மிட்டாய்க் கம்பெனியின் பெயரைக் கோப்பைக்கு வைத்தார்கள். ஆண்கள் 90 நிமிஷம் ஆடுவதைப் பெண்கள் 80 நிமிஷம் ஆடினால் போதும் என்றார்கள். ஸ்பின்னிங்கில் எட்டு மணி நேரம் நின்றபடி இழை முடிகிற பெண்ணுக்கும், பொழுது விடிந்து சாயும் மட்டும் குனிந்து நாற்று நடுகிற பெண்ணுக்கும் இந்தப் பத்து நிமிஷச் சலுகையைச் சொன்னால் சிரிப்பு வரும்! பரிசுப் பணம்? அதில் சலுகை இல்லை, பணமே இல்லை.

இன்று பணம் இருக்கிறது. 2022-ல் ஆண்கள் உலகக் கோப்பைக்குச் சம்மேளனம் ஒதுக்கிய பரிசுத் தொகை 44 கோடி டாலர். 2023-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் நடந்த பெண்கள் போட்டிக்கு 11 கோடி. நான்கில் ஒரு பங்கு. பெண்கள் ஆட்டத்தில் வருமானம் குறைவு என்று காரணம் சொல்கிறார்கள். ஆனால் டெலிவிஷன் உரிமையை அந்த 2023 போட்டி வரையில் ஆண்கள் போட்டியோடு சேர்த்து ஒரே கட்டாகத்தான் விற்று வந்தார்கள். தனியாக நிறுத்துப் பார்க்காத சரக்குக்கு எடை குறைவு என்று எந்தத் தராசில் கண்டார்கள்? ஐம்பது ஆண்டு கடையைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு, கடையில் வியாபாரமில்லை என்பது போலிருக்கிறது.

1971-ல் இல்லாத ஒன்று இப்போது உண்டு: சங்கம். அமெரிக்கப் பெண்கள் கோஷ்டிக்குச் சொந்தச் சங்கம் இருந்தது. 2019 மார்ச் 8-ந் தேதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, சம ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு பிரான்சில் அவர்கள் கோப்பையை வென்றபோது மைதானமே சம ஊதியம் என்று கோஷம் போட்டது. 2022-ல் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு ராஜி ஏற்பட்டது. ஆண், பெண் இரு கோஷ்டிகளின் உலகக் கோப்பைப் பரிசையும் ஒன்றாகக் கொட்டிப் பகிர்வது என்று ஒப்பந்தமும் ஆனது. இங்குள்ள ஆண் தோழர்களுக்கு நார்வேச் செய்தி ஒன்றைச் சொல்லுகிறேன். அங்கே 2017-ல் பெண்களுக்குச் சமமாகக் கொடுப்பதற்காக ஆண் ஆட்டக்காரர்கள் தங்களுக்கு வரவேண்டிய விளம்பரப் பணத்தில் ஐந்தரை லட்சம் குரோனரை விட்டுக்கொடுத்தார்கள்.

கடைசியாக ஸ்பெயின். 2023 ஆகஸ்டு 20-ந் தேதி சிட்னி நகரத்தில் ஸ்பெயின் பெண்கள் இங்கிலாந்தை 1-0 என்று வென்று உலகக் கோப்பையைப் பெற்றார்கள். பதக்கம் வழங்கும் இடத்தில் அந்நாட்டுச் சம்மேளனத் தலைவர் ரூபியாலெஸ், ஹென்னி எர்மோஸோ என்ற ஆட்டக்காரியின் தலையைப் பிடித்து வாயில் முத்தமிட்டார். உலகமே டெலிவிஷனில் பார்த்தது. ராஜினாமாச் செய்ய மாட்டேன் என்றார் தலைவர். தலைமை மாறாதவரையில் தேசத்துக்காக ஆட மாட்டோம் என்று 81 ஆட்டக்காரிகள் கையெழுத்திட்டார்கள். மூன்று வாரத்துக்குள் அவர் பதவி விலகினார். பெண்கள் அத்துடன் நிற்கவில்லை. அந்த ஸ்தாபனத்தில் இன்னும் மாற வேண்டியவை உண்டு என்று உட்கார்ந்தார்கள். விடிய விடியப் பேச்சுவார்த்தை நடந்து, மாற்றங்கள் செய்வதாக வாக்குறுதி வாங்கிய பிறகே முகாமில் இருந்த 23 பேரில் 21 பேர் ஆடச் சம்மதித்தார்கள். இருவர் வீட்டுக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் ரூபியாலெஸைக் குற்றவாளி என்று சொல்லி 10,800 யூரோ அபராதம் விதித்தது.

2027-ஆம் ஆண்டுப் போட்டியைப் பிரேஸில் நாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 1941-லிருந்து 1979 வரையில் பெண்கள் கால்பந்து ஆடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு இருந்த நாடு அது. நேரமாகிவிட்டது, இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் எழுந்திருக்கலாம். மற்றவர்கள் கேள்வி இருந்தால் கேளுங்கள்.