சாலைப் பையும் பேரன் பேச்சும்
(சபையின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் பேரனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு சரியாக வரவில்லை. சாப்பிட வைக்கக் கைபேசியைக் கையில் கொடுத்துப் பழக்கியவன் நான்தான். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதைப் பிறகுதான் படித்தேன். காதைப் பரிசோதித்தோம், குறையில்லை.

அன்றுமுதல், சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்த பையை அவன் முன்னால் கொட்டினோம். "கண்ணா, பரங்கிக்காயை எடுத்துண்டு வா. பெரிசு எது, சின்னது எது?" என்று பாட்டி கேட்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருப்பாள். மழலையாக என்ன சொன்னாலும் அதையே திருத்தமாகத் திருப்பிச் சொல்வாள். துணி மடிக்கையில் "உள்ளே, மேலே, கீழே". பாத்திரம் அடுக்கையில் "ஒன்று, இரண்டு". கடைக்காரர் பரங்கிக்காயை "மத்தங்ங" என்பார். ஒரு பொருளுக்கு இரு மொழியில் பெயர் கேட்பதால் குழந்தை குழம்பாது.

நாலாம் மாதம் தட்டைத் தள்ளிவிட்டு, "தாத்தா, மத்தன் வேண்டாம்" என்றான். பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு வேண்டுகோள். இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், "நம்ம குடும்பத்தில் எல்லோரும் லேட்டுதான்" என்று இருந்துவிடாதீர்கள். 1997-இல் தொடங்கிய 'நிஷ்' நிறுவனம் நம் ஊர் ஆக்குளத்திலேயே இருக்கிறது. முதலில் காதைக் காட்டுங்கள். பிறகு காய்கறிப் பையைக் கொட்டுங்கள்.