துணை நிலையத்து நர்ஸம்மா



இன்று பலகையில் ‘செவிலியர்’ என்று எழுதியிருக்கிறேன். நாம் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறோமே, அவர்தான்.

என் அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு. ஆரம்ப சுகாதார நிலையம் எங்கள் ஊருக்குத் தூரம். மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சு, பஸ்ஸுக்கும் காசு. “உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று இரண்டு மாதம் விட்டுவிட்டார். ஒரு நாள் விடியற்காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டது. இன்றும் இடது கையால்தான் சாப்பிடுகிறார். கொதிப்புக்கு வலி கிடையாது. அதுதான் அதன் சூது.

அப்பாவுக்கு மாதாமாதம் தேவைப்பட்டது பெரிய டாக்டரா? கையில் பட்டை கட்டி அளக்க, மாத்திரை கொடுக்க, அளவு ஏறினால் டாக்டரிடம் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். படித்த நர்ஸ் இதைச் செய்ய முடியும்.

சமவெளியில் 5,000 பேருக்கு, மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. நெடுங்காலம் அங்கே பிரசவமும் தடுப்பூசியும்தான் முக்கிய வேலை. 2018-இல் மத்திய அரசு வேலையை விரிவாக்கி, நலவாழ்வு மையங்களாக மாற்றத் தொடங்கியது. முதல் மையம் அந்த ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி, சத்தீஸ்கர் மாநிலம் பீஜப்பூர் மாவட்டத்து ஜாங்லாவில் திறக்கப்பட்டது. காட்டுப் பகுதி அது. இந்த மையங்களின் பெயரை 2023-இல் ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று மாற்றினார்கள்.

இங்கே சமுதாய சுகாதார அலுவலர் என்று ஒருவர் இருப்பார். பல இடங்களில் அவர் நர்சிங் படித்தவர். சமுதாய சுகாதாரப் பயிற்சியும் பெற்றவர். 30 வயது தாண்டியவர்களுக்குக் கொதிப்பு, சர்க்கரை பார்ப்பார். வாய், மார்பு, கருப்பை வாய்ப் புற்றுக்கும் சோதனை உண்டு. டாக்டர் முதலில் பார்த்து மருந்து எழுதுவார். பிறகு மாதாமாதம் நர்ஸம்மா கொடுப்பார். சந்தேகம் வந்தால் இ-சஞ்சீவனி மூலம் டாக்டரிடம் வீடியோவில் கேட்பார்.

“அப்போ நர்ஸே டாக்டரா?” என்று போன வாரம் ஒரு அண்ணன் கேட்டார். இல்லை அண்ணே. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் நேரம் கடத்தாமல் மேலே அனுப்புவதும் அவர் வேலைதான்.

எல்லா இடத்திலும் சீராக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பல மாநிலங்களில் இது ஒப்பந்த வேலை. பதிவேடு எழுதியே பொழுது போகிறது. அலமாரியில் மாத்திரை இல்லாவிட்டால் நர்ஸம்மா என்ன செய்வார்? அவரிடம் சண்டை போடாதீர்கள். மையத்துக்கு ‘ஜன் ஆரோக்கிய சமிதி’ என்ற குழு உண்டு. ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். அவரிடம் மனு எழுதிக் கொடுங்கள். இப்போதுதான் எழுதத் தெரியுமே!

சரி, நோட்டை எடுங்கள். 140/90 என்று எழுதுங்கள். அளக்கும்போதெல்லாம் மேல் எண் 140-ஓ, கீழ் எண் 90-ஓ, அதற்கு மேலோ இருந்தால் கொதிப்பு. உங்கள் சீட்டில் என்ன எண் இருக்கிறது? பார்த்து நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள். சீட்டு இல்லாதவர்கள் காலையில் மையத்துக்குப் போய்க் கையை நீட்டுங்கள்.