பாறையில் பாயும் மின்சாரம்



மதுரையைச் சூழ்ந்த நிலத்தடியில் எண்ணெய் இல்லை. ஆனைமலையும் நாகமலையும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகிய தொன்மையான பாறைகள். எண்ணெய் தங்குதற்குரிய நுண்துளைகள் அவற்றில் இல்லை எனலாம். கிழக்கே இராமநாதபுரக் கடற்கரையை நெருங்குமிடத்தில்தான் காவிரிப் படுகையின் படிவுப் பாறைகள் ஆழங்கொள்கின்றன. அங்கே எரிவாயு கிடைக்கிறது. அப்படுகையின் வடபால் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. ஆயினும், எண்ணெய்ப் பாறையை அறிய உதவும் அளவீட்டை மதுரை உழவர் நன்கறிவர். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுமுன் கருவிகொண்டு நீரோட்டம் பார்ப்பது என்பது அதுவே.

நிலத்தில் நான்கு கம்பிகளை ஒரே நேர்கோட்டில் ஊன்றுவர். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உட்கம்பிகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்தத்தை அளப்பர். வெளிக்கம்பிகளை அகற்ற அகற்ற ஆழத்துச் செய்தி கிட்டும். இந்த மின்தடை அளவீட்டைத்தான் பிரெஞ்சு நாட்டுச் சுலும்பெர்ஜே சகோதரரின் குழுவினர் 1927-இல் அல்சாசு பகுதியின் பெசல்புரோன் எண்ணெய் வயலில், துளைக்கிணற்றுக்குள்ளேயே இறக்கிப் பார்த்தனர்.

விந்தை என்னவெனில், ஒரே எண் ஈரிடத்தில் ஈரெதிர்ப் பொருள் தருகிறது. திருமங்கலத்தில் மின்தடை மிகுந்தால் கீழே வெறும் பாறை. உழவர் முகம் வாடும். இராமநாதபுரத்து மணற்கல்லில் மின்தடை மிகுந்தால் பொறியாளர் முகம் மலரும். மணற்கல்லின் துளைகளில் இயல்பாக நிறைந்திருப்பது உப்புநீர். அது மின்சாரத்தை எளிதில் கடத்தும். எண்ணெயோ வாயுவோ அதன் இடத்தைப் பிடித்தால் தடை உயரும். எவ்வளவு உயரும் என்பதை 1942-இல் ஆர்ச்சி என்ற அமெரிக்கர் வாய்பாடாக்கினார்.

ஆனால் நன்னீரும் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. அதனை எண்ணெயென மயங்க இடமுண்டு. இங்கே துணைக்கு வருவது மின்காப்பு மாறிலி. நீருக்கு அது ஏறத்தாழ 80. எண்ணெய்க்கு 2 அளவே. மணற்கல்லின் படிகத்துக்கு 4 அல்லது 5. நீரில் உப்பு மிகினும் குறையினும் இவ்வேறுபாடு பெரிதும் மறைவதில்லை. நொடிக்கு நூறு கோடி அளவில் அதிரும் மின்காந்த அலையைக் கிணற்றுச் சுவரில் செலுத்தி இதனை அளக்கின்றனர். அவ்வலை சுவருக்குள் சில அங்குலமே புகும் என்பது குறைதான். துளையிடும் சேற்றின் நீர் அங்கிருந்த எண்ணெயை ஓரளவு விலக்கியிருக்கும். ஆகவே இரு அளவுகளையும் ஒப்பிட்டே முடிவு காண்பர்.

உழவருக்கும் இத்தகைய மயக்கம் உண்டு. நீர் நிறைந்த வெடிப்பும் மின்தடையைக் குறைக்கும். நீர் ஈயாத களிமண்ணும் குறைக்கும். எண்ணெய்க் கிணற்றுக்கு வாய்த்த இரண்டாவது கருவி அவர் தோட்டத்துக்குப் பெரும்பாலும் வருவதில்லை. கிடைத்த ஒரே எண்ணை நம்பி, கடன் பெற்று, அவர் துளையிடுகிறார்.