சிவப்பு விளக்கும் சைரன் சத்தமும்

(மருத்துவமனை நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. வர இயலாத அன்பர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



 பஸ்ஸிலும் வேனிலும் வெகு தூரம் பிரயாணம் செய்து இந்தக் கூடுகைக்கு வந்திருக்கிறீர்கள். நீங்கள் வந்த வழியில் எத்தனையோ சிக்னல்களைக் கடந்திருப்பீர்கள். இன்று நாம் பேசப் போவதும் ஒரு சிக்னலைப் பற்றித்தான்.

போன வருஷக் கூடுகையில் மதிய உணவு வேளையிலே ஒரு சபை மூப்பர் எங்களிடம் வந்தார். "ஐயா, ஒரு சந்தேகம். சிக்னல்ல சிவப்பு எரியுது. நான்தான் முன்னால நிக்கிறேன். பின்னால ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கிட்டு வருது. நான் சிவப்பைத் தாண்டி வழி விடணுமா, இல்ல அப்படியே நிக்கணுமா? தாண்டினா சட்டத்தை மீறினவன். நின்னா ஒரு உயிர் போறதுக்கு நானும் காரணம். எது சரி?" என்று கேட்டார். அன்று அவருக்கு உடனே பதில் சொல்ல எங்களால் கூடவில்லை. அந்தக் கேள்வி எங்களுடைய பழைய புண் ஒன்றைத் தொட்டுவிட்டது. அதை இன்று உங்கள் முன்பாகத் திறந்து சொல்ல விரும்புகிறோம்.

2015ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் கிளை மருத்துவமனையில் ஜெபக்கூட்டத்தை முடித்துக்கொண்டு புறப்பட நின்றோம். அங்கே பிரசவித்த ஒரு இளம் தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். பின்பக்கம் நர்ஸும், அந்தப் பெண்ணின் கணவரும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டியும் ஏறினார்கள். நாங்கள் முன்பக்கம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அது எங்களுக்கும் தெரியும்.

ஊருக்குள் நுழைந்ததும் மார்க்கெட் நான்குமுனைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. எங்களுக்கு நேர்முன்னே ஒரு ஆட்டோ. இடதுபுறம் இருசக்கர வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. வலதுபுறம் ஒரு டவுன் பஸ். எங்கள் டிரைவர் பல வருஷ அனுபவம் உள்ளவர். அவர் வேகத்தைக் குறைத்து, ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். நாங்கள்தான் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "போப்பா, போ! உயிர் போகுது!" என்று சத்தமிட்டோம். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். எங்கள் வெள்ளை அங்கியைப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

பச்சை விளக்கு கிடைத்த பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிய ஒரு மினி லாரி வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆட்டோ சந்திப்பின் நடுவிலே கவிழ்ந்தது. அந்தச் சகோதரனுடைய முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆட்டோவை நிமிர்த்தி, சிதறின காய்கறியை ஒதுக்கி, அவரையும் அதே ஆம்புலன்ஸில் ஏற்றிப் புறப்பட ஏறக்குறைய பத்து நிமிஷம் ஆயிற்று. பச்சை விளக்குக்காகக் காத்திருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பத்து நிமிஷமும் அந்தத் தாய்க்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. பாட்டி எங்களை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அது எங்களுக்கு அதிக வேதனையாயிருந்தது.

தேவனுடைய இரக்கத்தால் அன்று இரவு தாய் பிழைத்தாள். மறுநாள் காலையில் ஆண்கள் அறுவை வார்டுக்குப் போனோம். காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்த ஆட்டோக்காரர் எங்களைக் கண்டதும் முதலாவது கேட்டது, "ஐயா, அந்த அம்மா எப்படி இருக்காங்க?" என்பதுதான். நல்லாயிருக்கிறாள் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க சொன்னீங்க, நான் போனேன் ஐயா" என்றார். அதிலே கோபம் இல்லை. குற்றஞ்சாட்டவும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லை இந்நாள்வரை நாங்கள் மறக்கவில்லை.

சிவப்பைத் தாண்டினவர் அவர் என்றபடியால் விபத்தின் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. நாங்கள் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாய் வாசித்தார். "கை காட்டினது நீங்கதான், ஒத்துக்கிறீங்க. ஆனா கை காட்டுற அதிகாரம் உங்களுக்கு இல்லையே ஐயா" என்றார். அவர் சொன்னது நியாயம். சகோதரனின் ஆபரேஷன் செலவை நீங்கள் அனுப்பும் காணிக்கையிலிருந்து ஏழை நோயாளிகள் நிதி ஏற்றுக்கொண்டது. நான்கு மாதம் அவர் ஆட்டோ ஓட்டவில்லை. அந்த நான்கு மாதம் அவருடைய வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று நாங்கள் விசாரித்து அறிந்துகொண்டோம். அதை இங்கே சொல்லவேண்டியதில்லை.

அன்பானவர்களே, அந்த மூப்பருடைய கேள்விக்கு இப்போது வருவோம். மூன்று காரியங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, சட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது?

1989ஆம் வருஷத்துச் சாலை விதிகளிலேயே, தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ வரும்போது ஒவ்வொரு ஓட்டுநரும் சாலையின் ஓரமாய் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று இருந்தது. 2017ஆம் வருஷத்து விதிகள் இன்னும் தெளிவாய்ப் பேசுகின்றன. அவசர வேலையாய், சைரனும் விளக்கும் போட்டுக்கொண்டு போகும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தகுந்த கவனத்தோடு சிவப்பு விளக்கைத் தாண்டலாம். அந்த அனுமதி அவருக்கு உண்டு. முன்னால் நிற்கிற நமக்கு அந்த அனுமதி கொடுக்கப்படவில்லை. 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, வழிவிடாதவருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் பயந்துபோய்ச் சிவப்பைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் அதே திருத்தம்தான் சிவப்பு விளக்கைத் தாண்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்ற பட்டியலிலும் சேர்த்தது. ஓரமாய் ஒதுங்கு என்றுதான் சட்டம் சொல்லுகிறது. சந்திப்புக்குள் பாய் என்று அது ஒருபோதும் சொல்லவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலர் கைகாட்டினால் தாராளமாய்ப் போகலாம். அவருடைய கட்டளைக்குக் கீழ்ப்படியும்படி மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவே சொல்லுகிறது. நான்கு பக்கத்தையும் பார்த்து, மற்ற பக்கங்களை நிறுத்திவிட்டு அவர் கைகாட்டுகிறார். நாங்கள் ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்காமல் காட்டினோம்.

மற்ற தேசங்களிலும் இந்தக் கேள்வி உண்டு. இங்கிலாந்திலே ஆம்புலன்ஸுக்காகச் சிவப்பைத் தாண்டினாலும் அது குற்றமே. முன்னால் நிற்பவர்களுக்கு ஒதுங்க இடமில்லை என்று கண்டால், அங்கே சில ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் சைரனை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்தங்கிக் காத்திருப்பதுண்டு. சைரன் சத்தம் ஒருவரைச் சிவப்புக்குள் தள்ளிவிடக்கூடாது என்பதே காரணம். ஜெர்மனியிலோ, மிகுந்த கவனத்தோடு கோட்டைச் சற்றே தாண்டி ஓரமாய் ஒதுங்குகிறவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் அங்கேகூடச் சந்திப்பை ஊடுருவிப் போக யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது, இரக்கம் நம்மிடம் என்ன கேட்கிறது?

இங்கே ஒரு நல்ல எதிர்க்கேள்வி எழும்பும். ஓய்வுநாளில் குழியில் விழுந்த மிருகத்தைத் தூக்கிவிடமாட்டீர்களா என்ற கருத்தில் நம்முடைய ஆண்டவர் கேட்டாரே. அப்படியானால் இரக்கம் சட்டத்துக்கு மேலானதுதானே. உயிர் காக்கச் சிவப்பைத் தாண்டினால் என்ன? நாங்களும் அந்த வார்டில் இருந்து திரும்பிய நாட்களில் இதையே யோசித்துக்கொண்டிருந்தோம்.

நண்பர்களே, குழியிலிருந்து மிருகத்தைத் தூக்குகிறவன் அந்தப் பாரத்தைத் தன் தோளில் ஏற்கிறான். அவனால் வேறொருவனுக்குச் சேதம் இல்லை. சிவப்பைத் தாண்டுகிறவனோ தன் உயிரோடு, பச்சை விளக்கை நம்பி வருகிற அந்நியனுடைய உயிரையும் பணயம் வைக்கிறான். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாகவும் அது இருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு விளக்கு உண்டு, சத்தம் உண்டு, உயரம் உண்டு. குறுக்கே வருகிறவன் அதைப் பார்த்து நிற்கிறான். நம்முடைய சின்ன வண்டிக்கு அவை ஒன்றும் இல்லை. சைரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே நாம் அவன் முன்னே போய் நிற்கிறோம். பிறருடைய பாதுகாப்பை அவர்களைக் கேளாமலே எடுத்துச் செலவழிப்பது இரக்கம் ஆகாது. அதை நாங்கள் ஒரு ஏழைச் சகோதரனுடைய காலைக் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

மூன்றாவது, அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

செய்யக்கூடியது நிறைய உண்டு. அதில் பெரும்பங்கு சைரன் கேட்கும் முன்பே செய்யவேண்டியது. அன்று எங்கள் ஆம்புலன்ஸ் நின்றது சிவப்பு விளக்கால் அல்ல. இடதுபக்கம் அடைத்துக்கொண்டிருந்த வண்டிகளால்தான். எல்லாரும் கோட்டுக்குப் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றிருந்தால் ஆட்டோ ஒதுங்கியிருக்கும். கவனமாய்ச் சிவப்பைத் தாண்டும் வேலையை எங்கள் டிரைவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகையால், நிறுத்தக் கோட்டுக்குப் பின்னாலேயே நில்லுங்கள். முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டிக்கொண்டு நிற்காதிருங்கள். வண்டியைத் திருப்ப இடம் இருக்கட்டும். நேரே போகிறவர்கள் இடதுபக்கம் திரும்பும் வழியை அடைக்கவேண்டாம். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது எதிர்ப்பக்கத்து வழியிலும் வண்டியை நிறுத்துகிறோமே, அது மகா தவறு. கேட் திறந்த பிறகும் இரண்டு பக்கமும் அசையமுடியாமல் போகிறது. சைரன் கேட்டால் திடீரென்று பிரேக் போடாமல், இண்டிகேட்டர் போட்டு இடதுபுறமாய் மெல்ல ஒதுங்குங்கள். ஒதுங்க இடமே இல்லையென்றால் பதறாமல் நில்லுங்கள். பச்சை வந்தவுடன் முதலாவது ஓரங்கட்டுங்கள். கிடைத்த வழியில் ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பைக்கில் பறக்கிற நம் வாலிபப் பிள்ளைகளுக்கும் வீட்டில் புத்தி சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. நோயாளி இல்லாமல், அவசரமும் இல்லாமல் சைரன் போட்டால் ஜனங்களுடைய நம்பிக்கை கெட்டுப்போகும். எங்கள் டிரைவர்கள் அப்படிச் செய்வதில்லை. இன்னொன்று, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டிச் சத்தமிடக்கூடாது. முதலாவது இந்தப் போதகருக்காகவே அந்தக் கட்டளை எழுதப்பட்டது.

2008 செப்டம்பரில் சென்னையிலே மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயதுப் பையனுடைய இருதயத்தை, வேறொரு மருத்துவமனையிலிருந்த ஒரு சிறுமிக்காகக் கொண்டுபோனார்கள். நெரிசலான அந்த நகரத்தின் சந்திப்புகளிலே காவலர்கள் நின்று வழியைத் திறந்தார்கள். சில நிமிஷங்களில் இருதயம் போய்ச் சேர்ந்தது. யாரும் சிவப்பைத் தாண்டி ஓடவேண்டியிருக்கவில்லை. அவனவன் இருந்த இடத்தில் நின்று காத்திருந்தான். காத்திருந்ததும் ஒரு உதவியே.

நல்ல சமாரியன் உவமையை நீங்கள் அறிவீர்கள். விபத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்க 2019ஆம் வருஷத்தில் நம் நாட்டுச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவுக்கே அந்தப் பெயர்தான். அந்த உவமையிலே இரண்டு பேர் விலகிப் போனார்கள். அது இரக்கமற்ற விலகல். சாலையிலே சைரன் கேட்கும்போது நாம் ஓரமாய் விலகி நிற்பது, காயப்பட்டவனை வேறொருவர் சீக்கிரம் தூக்கும்படிக்கே. ஆகவே அது இரக்கமான விலகல்.

முடிவாக ஒரு வார்த்தை. அந்த ஆட்டோச் சகோதரன் இன்றும் நம் ஊரில் ஓட்டுகிறார். மழைநாளில் கால் கொஞ்சம் வலிக்கும் என்கிறார். சில மாதங்களுக்கு முன் அவருடைய ஆட்டோவிலே ஏறினோம். அதே மார்க்கெட் சந்திப்பில் சிவப்பு விழுந்தது. அவர் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால், இடது ஓரத்தை ஒட்டி வண்டியை நிறுத்தினார். பின்னால் ஆம்புலன்ஸ் எதுவும் இல்லை. "எதுக்கப்பா இவ்வளவு ஒதுங்கி நிக்கிறே?" என்று கேட்டோம்.

"வந்தா வழி இருக்கணும்ல, ஐயா" என்றார்.

அன்பின் நண்பர்களே, நீங்கள் காணிக்கை கொடுத்து ஆம்புலன்ஸ் வாங்கித் தந்தீர்கள். அதற்கு எங்கள் ஸ்தோத்திரம். இன்று உங்களிடம் பணம் கேட்கவில்லை. இன்று வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வரும் முதல் சிக்னலில், இடதுபக்கம் ஒரு வண்டி போகிற அளவு இடம் விட்டு நில்லுங்கள். கர்த்தர் உங்கள் பிரயாணத்தைக் காப்பாராக. ஆமென்.