மலேரியாவும் மூலிகையும்



மூலிகை என்றவுடன் அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும், அதுவே சகல நோய்க்கும் சஞ்சீவி என்று போற்றுவோரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராருக்கும் மலேரியாச் சுரத்தின் சரித்திரம் நல்ல பாடம் புகட்டுகின்றது.

1934ஆம் ஆண்டில் இலங்கையில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் அனோபிலிஸ் நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியில் எழுந்த கொள்ளைச் சுரத்தில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் பகுதிகள் பெரிதும் வாடின. அன்று கைகொடுத்த மருந்து கொயினா. அது தென்னமெரிக்கச் சிங்கோனா மரப்பட்டையின் சாரம். அம்மரத்தை வளர்ப்பதற்கென்றே 1861இல் நுவரெலியாவுக்கு அண்மையில் ஹக்கலைப் பூங்கா அமைக்கப்பட்டது. பின்னர் சீன மூலிகையொன்றிலிருந்து ஆர்ட்டெமிசினின் என்னும் மருந்தைக் கண்ட து யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவை இரண்டும் நோய்க்கிருமியை நேரே கொல்பவை. வேறொரு வகையும் உண்டு. நம் உடலிலே கிருமியை எதிர்த்துப் போராடும் காப்புச் சக்தி ஒன்று இருக்கின்றது. அது குறைந்தால் கிருமி வெல்லும். அளவு மீறினாலோ, அப்போராட்டமே மூளை முதலிய உறுப்புக்களுக்குத் தீங்காகும். அச்சக்தியைச் செப்பஞ்செய்யும் பொருள்களும் தாவரங்களில் உள.

நம் அடுக்களை மஞ்சளில் உள்ள குர்க்குமினைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் கோ. பத்மநாபன் குழுவினர் ஆராய்ந்தனர். ஆர்ட்டெமிசினின் வகை மருந்தை மட்டும் ஒருமுறை பெற்ற எலிகளுக்குச் சுரம் திரும்பி வந்தது. குர்க்குமினும் சேர்த்துக் கொடுத்தபோது திரும்பவில்லை. எலிகளின் காப்புச் சக்தி தூண்டப்பட்டமையே இதற்குக் காரணம் என்று 2012இல் எழுதினர். சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டையில், நம்மூர்ப் பூந்திக்கொட்டையிற்போல, நுரைக்கும் பொருளொன்று உண்டு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஆபிரிக்கக் குழந்தைகளுக்குச் சிபார்சு செய்த மலேரியாத் தடுப்பூசியில், காப்புச் சக்தியை எழுப்பும் துணைப்பொருளாக அதுவும் சேர்ந்துள்ளது.

ஆயினும், மஞ்சட்பால் குடித்தால் மலேரியா தீரும் என்று எவரும் எண்ணலாகாது. எலி வேறு, மனிதன் வேறு. உண்ணும் குர்க்குமினில் மிகச் சிறு பங்கே இரத்தத்திற் சேர்கின்றது. பட்டையைச் சாரமாக்கி, அளவறிந்து, சோதித்த பின்னரே மூலிகை மருந்தாயிற்று.

2012 ஒக்டோபருக்குப் பின் இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. ஆனால் நுளம்பு போய்விடவில்லை. பாரதத்துக்கு யாத்திரை செல்வோரும், ஆபிரிக்காவுக்குத் தொழிலுக்குச் செல்வோரும் நம் குடும்பங்களிலே பலர். அவ்வாறு மீண்ட ஒருவருக்குச் சுரம் கண்டால், கொத்தமல்லிக் கசாயத்தோடு நாலு நாள் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. உடனே இரத்தஞ் சோதிக்க வேண்டும். சென்று வந்த நாட்டின் பெயரையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

திருச்செங்கோட்டில் அடியாரை வருத்திய குளிர்சுரம் நீங்கத் திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பர். அப்பதிகத்தை நாமும் ஓதுவோம்; ஓதிக்கொண்டே வைத்தியசாலைக்கும் செல்வோம். விஞ்ஞானம் பயிலும் வாலிபர்களோ, பாட்டிமார் அறிந்த மூலிகைகளைப் பழிக்காமலும், கண்மூடி நம்பாமலும், சோதனைச்சாலைக்குக் கொண்டுசெல்வார்களாக.