மழைநீர் வழியும் அண்டை வீட்டார் உரிமையும்

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 



சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் பஜ்ருத் தொழுகைக்கு வந்த பெரியவர் ஒருவர், ஹவுளருகே நின்று நம்மிடம் மஸ்அலா ஒன்று கேட்டார். "ஹஜ்ரத், தெரு முழுக்கச் சாக்கடைத் தண்ணி நிக்குது. கைலியைத் தூக்கிப் பிடிச்சும் நனைஞ்சிருச்சு. இதோட தொழலாமா?" என்றார். காலைக் கழுவி, பள்ளியிலிருந்த மாற்றுக் கைலியை உடுத்தித் தொழுமாறு கூறினோம். தெருச் சேற்றைப் பற்றி நம் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. நடந்து வருபவரால் தவிர்த்துக்கொள்ள இயலாத அளவு அவருக்கு மன்னிக்கப்படுகிறது. நஜீஸ் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியுமானால் அதைக் கழுவியே ஆக வேண்டும்.

தொழுகை முடிந்த பின்னர் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அந்தச் சலுகை, நடந்து வருபவருக்கு உரியது. அந்த நஜீஸைத் தெருவில் திறந்துவிட்டவருக்குச் சலுகை வழங்கும் பாடம் எந்த ஃபிக்ஹு நூலிலும் இல்லை. அப்படியானால் அதைத் திறந்துவிட்டவர் யார்?

சகோதரர்களே! நம் சென்னை மாநகரின் தெருக்களுக்கு அடியில் இருவேறு வழிகள் உள்ளன. ஒன்று பாதாளச் சாக்கடை. கழிப்பறை, குளியலறை, அடுக்களை ஆகியவற்றின் கழிவுநீரை நீரேற்று நிலையத்திற்கும், அங்கிருந்து கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் அது கொண்டு செல்கிறது. மற்றொன்று மழைநீர் வடிகால். அது தெருவில் விழும் மழையைக் கால்வாய்க்கும், ஆற்றுக்கும், கடலுக்கும் அப்படியே அனுப்பிவிடும். அதன் வழியில் சுத்திகரிப்பு எதுவும் இல்லை. முன்னதைக் குடிநீர் வாரியமும், பின்னதை மாநகராட்சியும் பராமரிக்கின்றன.

இவ்விரண்டையும் நாம் ஒன்றாக்கிவிட்டோம். மாடியில் விழும் மழைநீரைச் சாக்கடைக் குழாயோடு இணைத்துவிடுகிறோம். தெருவில் நீர் தேங்கினால் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறோம். சாக்கடைக் குழாய் இத்தனை மழையைத் தாங்க அமைக்கப்பட்டதன்று. அது நிரம்பித் தாழ்வான இடத்தில் பொங்குகிறது. துணிக்கந்தல், நெகிழிப்பை, எண்ணெய்ப் பிசுக்கு, குர்பானி நாள்களில் கொழுப்பும் குடற்கழிவும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்போது, மழையில்லாத நாளிலும் பொங்குகிறது. பொங்கியது மழைநீர் வடிகாலில் இறங்குகிறது. இவை போதாதென்று, சில வீடுகளின் கழிவுக் குழாய் நேரடியாகவே வடிகாலில் செருகப்பட்டுள்ளது.

அதன் விளைவை நம் மஹல்லாவின் கடைசித் தெருவில் சென்று பாருங்கள். அது தாழ்வான பகுதி. நம்மவர்களும், பிற சமயச் சகோதரர்களும் வாடகைக்குக் குடியிருக்கும் சிறு வீடுகள். மேட்டுத் தெருவில் நாம் விட்டது அங்கே அடுக்களைக்குள் ஏறுகிறது. தரைத்தொட்டியிலும் கிணற்றிலும் கசிகிறது. வாந்திபேதி, மஞ்சள் காமாலை, டைபாய்டு போன்ற நோய்கள் இவ்வழியேதான் பரவுகின்றன. நிறமோ, சுவையோ, வாடையோ நஜீஸினால் மாறிவிட்ட நீர், எவ்வளவு அதிகமாயினும் அதில் ஒளுச் செய்யக் கூடாது என்பதை நாம் அறிவோம். ஒளுவுக்கே ஆகாத நீரை அண்டை வீட்டாரின் குழந்தை அருந்துமாறு விட்டுவிட்டு, நாம் முதல் ஸஃப்பில் நிற்கிறோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு ஜும்ஆ நாளில் நல்லாடை உடுத்திப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள். வழியில் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரைத் தூம்பிலிருந்து, அறுத்த கோழிகளின் இரத்தம் கலந்த நீர் அவர்கள் மீது கொட்டியது. அத்தூம்பை அகற்றுமாறு பணித்து, திரும்பிச் சென்று ஆடை மாற்றி வந்து தொழவைத்தார்கள். பின்னர், அதை அவ்விடத்தில் வைத்தவர்கள் நபி (ஸல்) அவர்களே என அப்பாஸ் (ரலி) தெரிவித்தபோது, தம் முதுகின் மீதேறி அதை மீண்டும் பொருத்துமாறு உமர் (ரலி) வேண்டிக்கொண்டார்கள். இது முஸ்னது அஹ்மதில் பதிவாகியுள்ளது. இதில் நமக்குரிய படிப்பினை யாதெனில், மழைநீருக்கு வழி வைப்பது உரிமை. அவ்வழியில் நஜீஸை விட்டுப் பிறர் மேல் விழச் செய்வது உரிமையன்று.

இனி, சொல்ல வெட்கப்படும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஊராரைக் கேட்கும் முன்னர் நம் பள்ளியைச் சோதிப்போம் என்று நிர்வாகக் குழுவினர் முடிவு செய்தார்கள். குழாய்ப் பணியாளர் சாயம் கலந்த நீரைக் கழிப்பறையில் ஊற்றினார். சிறிது நேரத்தில் அச்சாயம் தெருவின் மழைநீர் வடிகாலில் தெரிந்தது. நாம் நின்று தொழவைக்கும் இவ்வில்லத்தின் கழிவே அந்தப் பெரியவரின் காலை நனைத்திருக்கிறது! என்று இணைத்தார்கள், யார் இணைத்தார்கள் என்று ஆராய்வதில் பயனில்லை. அன்றே அக்குழாயை அடைத்து, கழிப்பறைகளைப் பூட்டி, உரிய கட்டணம் செலுத்திப் பாதாளச் சாக்கடை இணைப்புப் பெறப்பட்டது. அதன் செலவு ஆண்டறிக்கைக் கணக்கில் தனியாகக் காட்டப்படும்.

ஒரே கப்பலில் மேல்தளத்தவரும் கீழ்த்தளத்தவரும் பயணம் செய்த உவமையை நபி (ஸல்) அவர்கள் கூறியதாக நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. தண்ணீருக்காக மேலே சென்று வந்த கீழ்த்தளத்தவர், தம் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்ள எண்ணினர். தடுக்காமல் விட்டால் அனைவரும் மூழ்குவர். தடுத்தால் அனைவரும் தப்புவர். நம் மஹல்லாவில் துளையிட்டவர்கள் மேல்தளத்தவராகிய நாமே. முதலில் நனைகிறவர்கள் கீழே இருப்பவர்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவதாக, ஒவ்வொரு வீட்டாரும் பள்ளியில் செய்த சோதனையைத் தம் வீட்டில் செய்து, தவறான இணைப்பை மழைக்கு முன் மாற்றுங்கள். வசதியற்றோருக்கு ஜமாஅத் உதவும். இரண்டாவதாக, 2003ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பைப் பழுது பார்த்து, மாடி நீரை மண்ணுக்குள் இறக்குங்கள். மூன்றாவதாக, அடைப்பை நீக்க எந்த மனிதரையும் குழிக்குள் இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்துள்ளது. சாக்கடையில் இறப்போர் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2023இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஓர் உயிருக்கு ஈடு ஏது? முறைப்படி புகார் கொடுத்து இயந்திரத்தை வரவழையுங்கள்.

பாதையிலிருந்து ஒரு முள்ளை அகற்றுவதும் ஈமானின் கிளை என்று கற்றவர்கள் நாம். அடுத்த மழையில் அந்தப் பெரியவர் வெறும் மழைநீரில் கால் நனைத்துப் பள்ளிக்கு வரட்டும். அதற்குரிய மனத்தையும் வலிமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.